விளக்கு வைத்த பிறகு: கைக்குழந்தையை இரவில் தூங்க வைக்கும் முறை

கைக்குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறதோ, நடுராத்திரி விழிக்கும்போது அதையேதான் தேடும். தோளில் தூங்கிய பிள்ளை தோளைத் தேடும். தொட்டில் ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை ஆட்டம் நின்றதும் சிணுங்கும். பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக விழிப்புத் தட்டும். தூங்கும்போது இருந்த இடமும் சத்தமும் இருட்டும் அப்படியே இருந்தால் பிள்ளை புரண்டு மறுபடி தூங்கிவிடும். மாறியிருந்தால் அழும். இரவு எட்டரைக்குத் தூங்கிய குழந்தை ஒன்பதரைக்கே அழுது எழுந்தால், பசி என்று முடிவு கட்டும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வேலை இரண்டுதான். மாலையில் நாலைந்து காரியங்களைத் தினமும் ஒரே வரிசையில் செய்வது. அவற்றில் கடைசிக் காரியம், ராத்திரி 2 மணிக்கும் உங்களால் சிரமமில்லாமல் செய்யக்கூடியதாக இருப்பது. கடிகாரத்தைவிட வரிசை முக்கியம். ஒருநாள் ஏழு மணிக்கும் மறுநாள் ஏழரைக்கும் தொடங்கினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. பால், பாட்டு, இருட்டு என்ற வரிசை தலைகீழானால்தான் பிள்ளை குழம்பும்.

எந்த வயதில் தொடங்குவது

முதல் ஆறு வாரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் பாலுக்கு எழும். அது எழத்தான் வேண்டும். பகல் எது, இரவு எது என்கிற உடம்புக் கணக்கு ஆறாவது வாரத்துக்கு மேல் மெல்லத் தொடங்கி, மூன்றாம் மாதவாக்கில்தான் பிடிபடும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே: பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் அமைதியும். காலையில் பிள்ளையை முற்றத்துப் பத்தியில் (முற்றத்தையொட்டிய தாழ்வாரம்), வெயில் நேரே படாத வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். வளவும் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) முற்றமும் உள்ள செட்டிநாட்டு வீட்டில் இதற்குத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை.

ஆறாவது வாரத்தையொட்டி, மாலை ஐந்து மணிக்கு மேல் காரணமில்லாத அழுகை உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகத் தணியும். இந்த நாட்களில்தான் 'உரம் விழுந்திருக்கிறது', அதாவது சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிப் பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தூக்குவதும் நடக்கும். வேண்டவே வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அது ஆபத்து. வசம்பு உரைத்து ஊற்றுவதும் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

மூன்று மாதம் ஆனதும் கீழே சொல்லும் வரிசையைத் தொடங்கலாம். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தேவைப்படும்.

படுக்கும் இடம்

பழைய செட்டிநாட்டு வீட்டில் வளவைச் சுற்றி அறைகள் இருக்கும். முகப்பில் ஒருவர் தும்மினாலும் கல்லிலும் தேக்கிலும் பட்டு எதிரொலித்து வளவு முழுக்கக் கேட்கும். டிவி பட்டாலையில் (கூடத்தில்) ஓடினால் எதிர்ப்பக்க அறையைத் தேர்ந்தெடுங்கள். அறைக் கதவு கனமான தேக்கு; கீல் கிறீச்சிட்டால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். பாடுபட்டுத் தூங்க வைத்த பிள்ளை கதவுச் சத்தத்தில் எழுவது அடிக்கடி நடக்கிற காரியம். மாடி அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். தரைத்தள அறைதான் சரி. ஆனால் பல அறைகளில் ஜன்னல் சிறியது, காற்று நிற்கும். மின்விசிறி கட்டாயம், காற்று முகத்தில் நேரே அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரி.

பிள்ளைக்குச் சூடா, குளிரா என்பதை உள்ளங்கை, உள்ளங்காலை வைத்துச் சொல்ல முடியாது. அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். இரண்டு விரலைப் பிடரிக்குக் கீழே, சட்டைக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் கசிந்தால் சூடு அதிகம். ஒரு துணியைக் குறையுங்கள். வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தால் சரியாக இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு ஒரு பருத்திச் சட்டையே போதும். உறங்கும்போது குல்லா, காலுறை தேவையில்லை. மார்கழி, தையில் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போடுங்கள், கம்பளி போர்த்தாதீர்கள்.

படுக்கை விஷயத்தில் நம் பழைய வழக்கமே நல்லது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கோரைப்பாய், அதன்மேல் பருத்தி விரிப்பு இரண்டு மடிப்பு, சுருக்கமில்லாமல் இழுத்து நான்கு ஓரமும் பாய்க்கு அடியில் செருகியது. அவ்வளவுதான். கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. இலவம்பஞ்சு மெத்தை குழந்தையின் முகத்தடியில் குழிந்துகொள்ளும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக அண்டக் கொடுக்கும் உருளைத் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழுத்தில் சங்கிலியோ கயிறோ இருந்தால் இரவில் கழற்றுங்கள்.

பகலானாலும் இரவானாலும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994-ல் இதையே ஒரு பிரசாரமாக எடுத்துச் சொன்ன பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. கக்கினால் புரை ஏறிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், எதுக்களித்த பால் உணவுக்குழாய்க்கே திரும்புகிறது; குப்புறக் கிடக்கும்போதுதான் மூச்சுக்குழாய் பக்கம் போகும் வாய்ப்பு அதிகம். இதைப் பொறுமையாகச் சொன்னால் அப்பத்தாவும் ஒத்துக்கொள்வார். பிள்ளை தானாக இருபக்கமும் புரளத் தொடங்கியதும், அது புரண்ட நிலையிலேயே விட்டுவிடலாம்.

தாய் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பிள்ளைக்குத் தனிப் பாய். குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2022 பரிந்துரை. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் போடாதீர்கள். குடித்தவர், தூக்க மாத்திரை போட்டவர், புகை பிடிப்பவர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கொசுவுக்கு வலைதான் மருந்து. ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவத்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். தலை துவட்டிய பிறகு சாம்பிராணி காட்டும் வழக்கத்தை விட மனமில்லை என்றால் வீட்டுக்கு வேறொரு பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை படுக்கும் அறையில் வேண்டாம். பழைய வீடு என்பதால் பாயை விரிக்கும் முன் உதறுவதும், சுவரோரம் தேள், பூரான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் தினசரிப் பழக்கமாக வேண்டும்.

மாலை ஐந்து முதல் எட்டு வரை

'விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக் கூடாது' என்பார்கள். மூன்று மாதம் தாண்டிய பிள்ளைக்கு இதைவிட நல்ல விதி இல்லை. கடைசிப் பகல் தூக்கம் மாலை ஆறு மணிக்குள் முடிந்தால்தான் எட்டு மணிக்கு அடுத்த தூக்கம் வரும். ஆறு மணி தாண்டியும் தூங்கினால் திரையை விலக்கி, கால் பாதத்தைத் தடவி மெல்ல எழுப்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையை இதற்காக எழுப்ப வேண்டாம்.

ஆறு, ஆறேகாலுக்கு விளக்கேற்றும்போது பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுங்கள். திருஷ்டி சுற்றும் பழக்கம் உண்டென்றால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். படுத்த பிறகு எழுப்பிச் சுற்றுவது கூடாது. கொசு ஏறும் நேரம் என்பதால் அறை ஜன்னலை ஐந்தரைக்கே சாத்தி, ஏழு மணிக்குமேல் வலைக்குள் பிள்ளை போன பிறகு திறந்துகொள்ளலாம்.

ஆறே முக்காலுக்கு உடம்பு துடைப்பது. எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு ஊற்றும் குளியலைக் காலையிலேயே பெரியவர்கள் முடித்திருப்பார்கள். மாலையில் அது வேண்டாம். அந்தக் குளியல் பிள்ளையை முதலில் கிளர்த்திவிடும். ஒரு போணியில் ஒன்றரை லிட்டர் வெந்நீர் விளாவுங்கள். முழங்கையை நனைத்துப் பாருங்கள்: சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. 37 டிகிரிக்குச் சுற்றில் வரும். மென்மையான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து முதலில் கண், முகம், அடுத்து கழுத்து. தாடையைச் சற்றே உயர்த்தினால் மடிப்பு விரியும், அதற்குள் வழிந்த பால் தயிர்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைக்காமல் விட்டால் இரவெல்லாம் அரிக்கும், காரணம் தெரியாமல் நெளியும். பிறகு அக்குள், உள்ளங்கை, கடைசியாகத் தொடை இடுக்கு. தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் குளிரும். அக்கினி நட்சத்திர நாட்களில் மட்டும் முழுக் குளியலே கொடுக்கலாம்.

டயப்பரோ நாப்கினோ மாற்றி, இரவுச் சட்டை. இரவுக்கென்று இரண்டு, மூன்று சட்டையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பழகிய பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டதுமே கொட்டாவி விடும்.

ஏழு, ஏழேகாலுக்கு அறைக்குள் போய்விடுங்கள். டியூப்லைட்டை அணைத்து, மங்கலான மஞ்சள் பல்பை மட்டும், பிள்ளையின் கண்ணில் படாதபடி அலமாரிக்குப் பின்னாலோ தரையோரத்திலோ வையுங்கள். பால் கொடுங்கள். செல்போன் பக்கத்தில் வேண்டாம். திரையின் வெளிச்சம் பிள்ளை முகத்தில்தான் விழும். பால் குடித்துக்கொண்டே தூங்குவது முதல் சில மாதங்களில் இயல்பு, அதைத் தப்பென்று யாரும் சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான்கு, ஐந்து மாதத்துக்கு மேல்தான் மாற்றப் பழக வேண்டும். உறிஞ்சும் வேகம் குறைந்து, வாய் வெறுமனே அசைந்துகொண்டிருக்கும் கட்டத்தில் சுண்டு விரல் நுனியை வாயோரத்தில் விட்டு மெல்ல விலக்குங்கள். தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரும்வரை பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கினால், படுக்க வைத்த கால் மணியில் முதுகை வில்லாக வளைத்து அழும்.

அப்புறம் தாலாட்டு. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். அம்மானும் சீரும் வரிசையாக வரும் பாட்டு எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் உண்டு. எந்தப் பாட்டானாலும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். முதல் சுற்று சாதாரணக் குரலில். இரண்டாம் சுற்றில் வேகத்தையும் குரலையும் குறையுங்கள். மூன்றாவதில் சொல்லை விட்டுவிட்டு 'ஆராரோ ஆரிரரோ' மட்டும். கடைசியில் வெறும் முனகல். குரல் இறங்க இறங்கப் பிள்ளையின் மூச்சும் அதோடு இறங்குவதை உங்கள் தோளிலேயே உணரலாம். செல்போனில் ஓடவிடும் பாட்டு இப்படிப் பிள்ளையின் மூச்சைப் பார்த்துத் தணியாது.

இனிதான் முக்கியமான இடம். இமை பாதி இறங்கி, பிடித்த விரல் தளர்ந்து, ஆனால் முழுத் தூக்கம் வராத நேரத்தில் பாயில் கிடத்துங்கள். முதலில் பிருஷ்டம், அடுத்து முதுகு, கடைசியாகத் தலை. தலையை முதலில் இறக்கினால் விழுவதுபோல் இரு கையையும் விரித்துத் திடுக்கிடும். கிடத்தியதும் கையைப் பட்டென்று எடுக்காமல் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்திருங்கள். மூச்சு சீராகும்வரை ஒரு நிமிடம், பிறகு மெல்லத் தட்டல், பிறகு தட்டலும் நின்று கை மட்டும், பிறகு கையும் இல்லை. அந்தத் தட்டல்தான் உங்கள் கடைசிக் காரியம். ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்தபடியே கையை நீட்டித் தட்டிவிடலாம்.

சிணுங்கினால் உடனே தூக்காதீர்கள். அரை நிமிடம் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டே முனகுவது தூக்கத்தின் ஒரு பகுதி. கண் திறந்து, அழுகை ஏறினால் தூக்கிச் சமாதானப்படுத்தி மறுபடி அதே வரிசையில் கிடத்துங்கள். அழவிட்டுப் பழக்குவது ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குச் சரியில்லை.

தொட்டிலை விட வேண்டுமா

உத்தரத்தில் சேலை கட்டிய தொட்டில் நம் வீடுகளில் இல்லாமல் இராது. நிறுத்தச் சொல்லவில்லை. விழித்திருக்கும்போது பக்கத்தில் நின்று ஆட்டிச் சமாதானப்படுத்த அது அருமையான சாதனம். இரவு முழுக்கப் படுக்கும் இடமாகத்தான் ஆகாது. சேலை வளைந்துகொள்வதால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுப் பாதை மடங்கக்கூடும். தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். தொட்டில் கட்டினால் குறுக்குக் கம்பு கொடுத்துத் துணி முகத்தில் மூடாதபடி விரித்து வையுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம். கீழே பாய் விரியுங்கள். முடிச்சையும் கொக்கியையும் தினமும் இழுத்துப் பாருங்கள். பிள்ளை புரளத் தொடங்கிவிட்டால் தொட்டில் வாசம் முடிந்தது.

ஆட்டத்தில்தான் தூங்குவேன் என்னும் பிள்ளையைப் பத்து, பன்னிரண்டு நாளில் மாற்றலாம். முதல் மூன்று நாள், கண் சொருகும்வரை ஆட்டி, சொருகியதும் ஆட்டத்தை நிறுத்தித் தட்டுங்கள். அடுத்த மூன்று நாள், நின்ற தொட்டிலிலேயே பாட்டும் தட்டலும். அதன்பின் பாய். நடுவில் ஒருநாள் பொறுமை போய் முழுக்க ஆட்டிவிட்டால், முந்தின படியிலிருந்து தொடருங்கள், முதலிலிருந்து வேண்டாம்.

எங்கே தடுக்கும்

எட்டு மணிக்குக் களைத்த பிள்ளை எட்டரைக்குச் சிரித்து விளையாடுகிறது என்றால் அது தூக்கமில்லாமை அல்ல, நேரம் தப்பிவிட்டது. களைப்பு மிஞ்சினால் உடம்பு விழிப்பூட்டும் சுரப்பை விடும். அடுத்த நாள் கால் மணி முன்னதாகத் தொடங்குங்கள். பார்வை ஒரே இடத்தில் நிலைப்பது, புருவம் சிவப்பது, காதைத் தேய்ப்பது எல்லாம் முன் அறிகுறி. கண்ணைக் கசக்கி அழுவது தாமதமான அறிகுறி. எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கத்துக்கு மூன்று, நான்கு மாதத்தில் ஒன்றேகால் முதல் இரண்டு மணி நேரமும், ஆறேழு மாதத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும் தாங்கும். மாறாக, பாயில் கிடத்தி முக்கால் மணி ஆகியும் கையைக் காலை ஆட்டி விளையாடினால் நேரம் முந்திவிட்டது. இரண்டு, மூன்று நாளுக்குக் கால் மணியாகத் தள்ளிப் போடுங்கள்.

நான்காம் மாதத்தில் நன்றாகத் தூங்கிய பிள்ளை திடீரென்று மணிக்கொரு தரம் எழும். தூக்கத்தின் அமைப்பே பெரியவர் தூக்கம்போல் மாறும் கட்டம் அது. தலைப்பிள்ளை என்றால், தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வருவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். இரண்டும் சேரும்போது 'இந்த வீட்டுக்கு வந்துதான் இப்படி' என்ற பேச்சு வரும். தாய்வீட்டில் படுத்த பழைய விரிப்பை, பழகிய வாசம் போகாதபடி துவைக்காமல் கொண்டுவந்து விரியுங்கள். அதே பாட்டு, அதே சட்டை, அதே வரிசை. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும்.

வயிறு நிறைந்தால் விடியும்வரை தூங்கும் என்று ஆறு மாதத்துக்கு முன் கேழ்வரகுக் கூழ் கொடுப்பதால் தூக்கம் கூடுவதில்லை. செரிக்காமல் வயிறு உப்பும். தண்ணீரும் அதுவரை தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகும் இரவுக் கூழைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுங்கள்.

ராத்திரிப் பாலுக்கு எழுந்தால் மங்கல் விளக்கு, பேச்சில்லை, கண்ணோடு கண் பார்த்துக் கொஞ்சல் இல்லை. மலம் போயிருந்தாலோ நனைந்து கனத்திருந்தாலோ மட்டும் டயப்பர் மாற்றுங்கள். அதையும் பாலுக்கு முன்பே. மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு பனையோலை விசிறியும் டார்ச்சும் பாயோரம் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ (100.4 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்கும்போது விலா உள்ளிழுப்பது, உதடு நீலம் பூப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது கண்டாலும் தூக்கப் பிரச்சினை என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டு ஆட்களும் திருவிழாவும்

மாலை ஏழு மணிக்குமேல்தான் உறவுகள் பிள்ளை பார்க்க வருவார்கள். வாசலிலேயே மறுத்தால் மனவருத்தம் வரும். முகப்பிலேயே உட்கார வைத்து, 'காலையில் பத்து மணிக்கு வந்தால் சிரித்து விளையாடுவான்' என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. அந்தப் பெரியவரை முன்பே உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அயித்தை, ராத்திரிப் பாட்டு உங்க பொறுப்பு. நீங்க பாடுனாத்தான் கேக்குறான்' என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்தால், வரிசை தப்பும்போது முதலில் எச்சரிப்பதும் அவராகத்தான் இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அங்கே எட்டு மணி என்பது இங்கே ஐந்தரை. வந்த அன்றே இந்திய நேரத்துக்கு இழுக்காமல், முதல் நாள் ஆறரை, அடுத்த நாள் ஏழு, அதற்கடுத்த நாள் ஏழரை என்று நகர்த்துங்கள்.

மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியை நிறுத்த யாராலும் முடியாது. மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் கொஞ்சம் மறைக்கும். பிள்ளையின் காதருகே இரைச்சல் கருவி வைக்காதீர்கள். வைத்தாலும் ஏழடி தள்ளி, தாழ்ந்த ஒலியில். அன்று பத்து மணிக்குத்தான் தூங்கியது என்றால் பரவாயில்லை. மறுநாள் காலை வழக்கமான ஏழு மணிக்கே எழுப்பி முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பகலில் அரை மணி கூடுதலாகத் தூங்கட்டும். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் விழித்திருந்தால் போதும். அங்கிருந்து வரிசை வழக்கம்போல் தொடரும்.